இல்லாத கிரகத்தைக் கண்டுபிடித்தவர்

தான் சொன்னது தப்பு என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துபோகிற ஒரே ஒரு ஆளைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். நாமெல்லாம் அந்த நேரத்தில் கொஞ்சம் சமாளிப்போம், கொஞ்சம் கோபப்படுவோம், வேறு பேச்சுக்குத் தாவுவோம். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். "எங்க தப்பு? காட்டு, காட்டு" என்பார். பலூன்காரனைப் பார்த்துவிட்ட பிள்ளையின் அவசரம் அந்தக் குரலில் இருக்கும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். பெயரைப் போட்டு எழுதினால் உடனே படித்துவிட்டு நான்கு தப்புகளைக் கண்டுபிடித்து மகிழ்ச்சியோடு போன் செய்வார். நான் அவரைப் போல இல்லை, எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்போது நான் ரெட்டியார்பாளையத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தேன். செல்போன் விளையாட்டுகளுக்குப் படம் செய்து கொடுப்பது எங்கள் தொழில். உருளுகிற பந்து, வெடிக்கிற பாறை, பளபளக்கிற கார். உருண்டையான பொருள் மீது வெளிச்சம் எப்படி விழும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒரு மதியம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் படியேறி வந்தார். மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"உருண்டை பண்றவங்க யாரு?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

"எனக்கு ஒரு சூரியன் வேணும்மா. சுத்தணும். மூஞ்சி நெறைய கறை இருக்கணும்."

நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. காதோரம் நரைத்த குட்டை முடி, கசங்கிய குர்தா, தோளில் கித்தான் பை. பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நீள ரொட்டியின் நுனியைப் பேசிக்கொண்டே கிள்ளித் தின்றார். மிஷன் வீதிப் பக்கம் ஒரு சந்தில் அவர்கள் வீடு. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இவர் பிரான்சில் வானியல் படித்து, அங்கேயே ஆராய்ச்சி செய்து, அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் அங்கிருக்கும் குழுவோடு இங்கிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். தன் வீட்டு இயந்திரம் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றவைக்க ஒரு வாரம் எடுக்கிறது என்றும், எங்களிடம் படம் போடும் வேகமான இயந்திரங்கள் இருப்பதாக யாரோ சொன்னார்கள் என்றும் சொன்னார்.

எங்கள் முதலாளிக்கு நட்சத்திரம் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. மதியத்துக்கு மேல் பாதி இயந்திரங்கள் சும்மாதான் கிடக்கின்றன, வந்து செய்யட்டும் என்றார்.

அவர் தேடியது வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்களை. அந்தக் கிரகங்கள் கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கியிலும் தெரியாது. ஆனால் ஒரு கிரகம் சுற்றும்போது தன் நட்சத்திரத்தை லேசாக இழுக்கும். நட்சத்திரம் நம் பக்கம் கொஞ்சம் வரும், பிறகு கொஞ்சம் விலகும். வரும்போது அதன் ஒளி ஒரு துளி நீலமாகும், போகும்போது ஒரு துளி சிவப்பாகும். அந்த ஆட்டத்தை அளந்துதான் கிரகம் இருக்கிறது என்கிறார்கள். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நட்சத்திரமும் தன்னைத்தானே சுற்றுகிறது. ஒரு பாதி நம்மை நோக்கி வரும், மறு பாதி விலகிப் போகும். வருகிற பாதியில் ஒரு கரும்புள்ளி இருந்தால் அந்தப் பக்கத்து ஒளி குறைந்து, நட்சத்திரமே விலகிப் போவது போலத் தெரியும். புள்ளி விலகுகிற பாதிக்குப் போனால் நம்மை நோக்கி வருவது போலத் தெரியும். ஆக, கிரகம் இல்லாமலே கிரகத்தின் ஆட்டம்.

"அது நம்மள ஏமாத்துறதுக்கு முன்னாடி, நாமளே அத மாதிரி ஒண்ணு செஞ்சு பாத்துடணும். பொய் நட்சத்திரம். நாமளே செஞ்சதுன்னா உள்ள என்ன இருக்குதுன்னு நமக்குத் தெரியும் இல்ல?" என்றார்.

எனக்கு அதுவரை கறை என்றால் அழிக்க வேண்டியது. இவர் வந்த பிறகு கறை பிறப்பது, வளர்வது, கரைவது, அதைச் சுற்றிப் பிரகாசமான திட்டுகள், சட்டியில் கொதிக்கும் சோற்றுக் கஞ்சியைப் போல முகம் முழுக்கக் கொப்பளிப்பது எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்தேன். முதல் நட்சத்திரம் திரையில் சுற்றியபோது அவர் எழுந்து நின்று கைதட்டினார். உட்கார்ந்ததும் "இதுல எங்க தப்பு?" என்று தேட ஆரம்பித்தார்.

அந்தக் குணம் நட்சத்திரத்தோடு நிற்கவில்லை. ஒருமுறை தவளக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு என் ஸ்கூட்டியில் போனோம். அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும், தனக்குக் குறுக்கு வழி தெரியும் என்று பின்னால் உட்கார்ந்து அடித்துச் சொன்னார். அது ஒரு செங்கல் சூளையில் போய் முடிந்தது. எனக்குக் கடுப்பு. அவரோ இறங்கி, அங்கே நின்றவரிடம் பாதை எப்போது மூடியது, தான் ஏமாந்தது எந்தத் திருப்பத்தில் என்று விசாரித்து, தரையில் குச்சியால் வரைந்து பார்த்தார். நாங்கள் போனபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர் அந்தச் சூளையைப் பற்றியே பேசினார்.

ஆனால் தனக்கு இனிப்பது எல்லோருக்கும் இனிக்கும் என்று அவர் நினைத்தார். அதுதான் கஷ்டம். ஒருநாள் வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். எங்களோடு வேலை செய்த ஒரு பெண் பல வாரம் உழைத்துச் செய்த கால்பந்து மைதானத்தை முதலாளி பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த இவர் ஓடி வந்து, "பாருங்க, பந்து நிழல் ஒரு பக்கம் விழுது, கோல் கம்பத்து நிழல் வேற பக்கம் விழுது" என்று கண்கள் மின்னச் சொன்னார். உண்மைதான். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் கழிவறைக்குள் போய் அழுதாள். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. "தப்பு தெரிஞ்சுபோச்சு இல்ல? நல்லதுதானே?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அன்று அவர்மேல் கோபம்.

அவருடைய அப்பாவை நான் முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது. எண்பதை நெருங்குகிறவர், நிமிர்ந்த முதுகு, இஸ்திரி போட்ட சட்டை. மகள் பிரான்சில் இருந்தபோது ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்திருந்தார். அப்பாவைச் சந்திக்கும் யாரும் அந்தச் செய்தியைக் கேட்காமல் திரும்ப முடியாது. கறிவேப்பிலை விற்கும் அம்மாவுக்குத் தெரியும், பாங்க் மேனேஜருக்குத் தெரியும். மாலைகளில் கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் பழைய ராணுவ நண்பர்களோடு பெத்தாங் ஆடுவார். தரையில் ஒரு சின்ன மரக்குண்டை வைத்து அதற்கு அருகில் இரும்புக் குண்டுகளை எறியும் ஆட்டம். அங்கே ஒவ்வொரு நாளும் அந்தக் கிரகம் ஒருமுறையாவது உதிக்கும்.

"ஊர்ல எவ்வளவோ பேருக்கு பங்களா இருக்குதும்மா," என்றார் என்னிடம். "எங்க வீட்டுக்கு ஒரு கிரகம் இருக்குது."

மகள் மீன் குழம்பில் ரொட்டியைத் தோய்த்தபடி, "பப்பா, சாப்பிட விடுங்க அவள" என்றார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விளையாட்டு தொடங்கியது அதற்குப் பிறகுதான். நான் ஒரு பொய் நட்சத்திரம் செய்வேன். அதில் ஒரு கிரகத்தை ஒளித்து வைப்பேன், அல்லது வைக்காமல் விடுவேன். அதன் ஆட்டத்தை மட்டும் அவரிடம் கொடுப்பேன். அவர் கிரகம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னபிறகு நான் உள்ளே இருப்பதைத் திறந்து காட்டுவேன். மற்றவர்களும் கூடிவிடுவார்கள். முதலாளி சமோசா வரவழைப்பார். அவர் பெரும்பாலும் சரியாகச் சொல்வார். சரியாகச் சொன்ன நாட்களில் கொஞ்சம் சலிப்போடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்.

ஒருமுறை வேறு மாதிரி செய்து பார்த்தேன். பொதுவாக எங்கள் கறைகள் ஓரிடத்தில் பிறந்து கரைந்து, அடுத்தது வேறெங்கோ பிறக்கும். அதனால் அவை உண்டாக்கும் தாளம் சில மாதங்களில் பிசகிவிடும். கிரகத்தின் தாளமோ வருஷக் கணக்கில் பிசகாது. அதை வைத்துத்தான் அவர் இரண்டையும் பிரிப்பார். நம் சூரியனில் சில வேளை பழைய கறை இருந்த இடத்திலேயே புதுக் கறை திரும்பத் திரும்ப முளைக்கும் என்று அவரே எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அதைச் செய்தேன். கிரகம் எதையும் வைக்கவில்லை.

அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, "இருக்குது. சந்தேகமே இல்ல. தாளம் பிசகவே இல்ல பாரு" என்றார்.

"இல்லக்கா," என்றேன். "நான் ஒண்ணுமே வெக்கல."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியை முன்னால் இழுத்தார், எப்படிச் செய்தாய் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல இன்னும் மலர்ந்தது. பிறகு அப்படியே நின்றுபோனது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னோட கிரகம் மாதிரியே ஆடுது," என்றார்.

அடுத்த சில வாரங்கள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவதைக் கூட மறந்தார். தன் நட்சத்திரத்தைப் போலவே நூற்றுக்கணக்கான பொய் நட்சத்திரங்களைச் செய்யச் சொன்னார். எதிலும் கிரகம் கிடையாது. அவற்றில் பாதிக்கு மேல் அவருடைய கிரகத்தைப் போலவே ஆடின. ஒவ்வொன்று ஆடும்போதும் "இதுவும்! இதுவும்!" என்று என் தோளைத் தட்டினார். தன் வாழ்நாள் சாதனை கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கும்போது ஒரு மனுஷி இப்படிக் குதூகலிப்பாரா என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

பிரான்சில் இருந்த குழு அவ்வளவு குதூகலிக்கவில்லை. வீடியோ அழைப்பில் குழுத் தலைவர் பொறுமையாக இரு என்றார். அந்தக் கிரகத்தை நம்பி வேறு இருவர் தங்கள் ஆராய்ச்சியைக் கட்டியிருந்தார்கள், அதில் ஒருவர் பேச்சின் நடுவே அழைப்பைத் துண்டித்துவிட்டார். இவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் கிரகத்தை மேலும் ஆராய அவர்களுக்கு ஒரு பெரிய தொலைநோக்கியில் நேரம் கிடைத்திருந்தது. அந்த நேரத்தில் அகச்சிவப்பில், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியில், அதே நட்சத்திரத்தைப் பார்ப்போம் என்றார். கிரகம் இழுத்தால் எந்த ஒளியில் பார்த்தாலும் ஆட்டம் ஒரே அளவாக இருக்கும். கறை என்றால் அகச்சிவப்பில் ஆட்டம் சுருங்கிவிடும், ஏனென்றால் அந்த ஒளியில் கறை அவ்வளவு கறுப்பாகத் தெரியாது.

மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தோம். கடைசியில் அளவுகள் வந்து சேர்ந்த அன்று அலுவலகத்தில் யாரும் வேலை செய்யவில்லை. பழைய ஆட்டத்தின் கோட்டையும் அகச்சிவப்பு ஆட்டத்தின் கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டார். பழையது உயர்ந்து தாழ்ந்தது. மற்றது அதில் பாதிகூட இல்லை.

"செத்துச்சு," என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வர்றியா? தனியா சொன்னா நான் ஒழுங்கா சொல்ல மாட்டேன்" என்றார்.

அப்பா முழுவதையும் கேட்டார். ஆரஞ்சுப் பழத்தைத் தட்டில் சுற்றி, அதில் மையால் வைத்த புள்ளியைக் காட்டி மகள் விளக்கியதையும் கவனித்தார்.

"அப்போ அது எங்க போச்சு?" என்று கேட்டார்.

"எங்கயும் போகல பப்பா. ஆரம்பத்துலேர்ந்தே இல்ல."

"நான் ஊரு முழுக்க சொல்லியிருக்கேன்."

"தெரியும் பப்பா."

"நீதானே இருக்குதுன்னு சொன்ன?"

"நான்தான். தப்பா சொல்லிட்டேன்."

அவர் நாப்கினை மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தும் சத்தம்கூட வரவில்லை. மகள் ஆரஞ்சைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தப்பை ஒப்புக்கொண்ட பிறகு அந்த முகத்தில் மலர்ச்சி இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என்னை வாசல்வரை வழியனுப்ப வந்தபோது, "தப்பு தெரிஞ்சா எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். நான் வண்டியை எடுத்தபோது, "அந்தப் பொண்ணு அன்னிக்கு ஏன் அழுதாள்னு இப்பதான் புரியுது." மறுநாள் வந்ததும் நேராக அந்தப் பெண்ணின் மேஜைக்குப் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

அப்பா மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்று நண்பர்களிடம் சொல்லச் சொன்னார். இவர் இங்கே கிரகத்தை வாபஸ் வாங்கும் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து அனுப்பிய செய்தியையும் அப்பாவிடம் சொன்னார். அடுத்த மாலை அப்பாவே குண்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மகளுக்குப் பயம். எனக்குப் போன் செய்தார். நாங்கள் இருவரும் மைதானத்து ஓரத்தில், பார்க்காதவர்கள் போல நின்றோம்.

நண்பர் ஒருவர் கேட்டுவிட்டார்: "என்னப்பா, ஒங்க வீட்டு கிரகம் சௌக்கியமா?"

அவர் குண்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, "அது கிரகம் இல்லயாம்பா. நட்சத்திரத்து மேல கறையாம்" என்றார்.

"யாரு சொன்னது?"

"எம் பொண்ணுதான். இருக்குதுன்னு கண்டுபிடிச்சதும் அவதான், இல்லன்னு கண்டுபிடிச்சதும் அவதான். வேற எவனாலயும் முடியல."

எனக்குப் பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். இரண்டு நாள் வலித்தது.

அந்தக் கட்டுரை வந்தபின் சிலர் கேலி செய்தார்கள் என்று கேள்வி. அதைவிட அதிகம் பேர் எங்கள் பொய் நட்சத்திரங்களைக் கேட்டு எழுதினார்கள். தங்கள் கிரகங்களையும் சோதிக்க வேண்டுமாம். கறை படிந்த சூரியன் படம் ஒன்றை முதலாளி பெரிதாக அச்சடித்து மாடிப்படிச் சுவரில் மாட்டினார். பாத்திரக் கடைக்கு வந்தவர்கள் அதை அடிபிடித்த தோசை என்று நினைத்தார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கறையின் ஆட்டம் எப்படி இருக்கும் என்று இப்போது துல்லியமாகத் தெரிந்துவிட்டதால், அதை அந்த நட்சத்திரத்தின் அளவுகளிலிருந்து கழித்துப் பார்த்தார். மிச்சம் தாளமே இல்லாத வெறும் இரைச்சலாக இருக்க வேண்டும். அதில் ஒரு சின்ன ஆட்டம் இருந்தது. மிக மெதுவானது. பழைய பெரிய ஆட்டத்தின் அடியில் இத்தனை வருஷமும் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

"இதையும் சாகடிக்கணும்," என்றார் அவர். நாங்கள் எல்லோரும் இறங்கினோம். நிழல் விஷயத்தில் அழுத பெண் எங்கள் எல்லோரையும்விட மும்முரமாக இருந்தாள். விதவிதமான கறைகளைப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பொய் நட்சத்திரமும் அந்த ஆட்டத்தை ஆடவில்லை. நட்சத்திரம் சுற்றும் தாளத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. அகச்சிவப்பில் பார்த்தால் அதே அளவு. வேறொரு நாட்டுக் குழு, வேறொரு தொலைநோக்கியின் அளவுகளை வைத்து, இவரைக் கேட்காமலே பார்த்து, அதே ஆட்டத்தைச் சொன்னது. அன்று மட்டும் அலுவலகத்தில் ஒரே கூச்சல். கீழே கடைக்காரர் ஏறி வந்து யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

இவர் மட்டும் கூச்சலிடவில்லை. ரொட்டி பையிலேயே இருந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னல்வரை போய்வந்தார்.

"என்னக்கா?" என்றேன்.

"தப்பு எங்கன்னு தெரியல," என்றார். "எனக்கு இப்ப என்ன பண்றதுன்னே தெரியலம்மா."

"அப்பாகிட்ட சொல்லுங்க."

ஸ்கூட்டியில் அழைத்துப் போனேன். இருட்ட இன்னும் நேரமிருந்தது. மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் முறை. குண்டைக் கையில் எடுத்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மகள் அருகில் போய் மெதுவாகச் சொன்னார்.

"நல்லா பாத்தியா?" என்று கேட்டார் அவர்.

"எல்லாரும் பாத்துட்டாங்க பப்பா."

"தப்பு?"

"இதுவரைக்கும் கெடைக்கல."

என்ன விஷயம் என்று நண்பர்கள் குரல் கொடுத்தார்கள். கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணு இருக்கற மாதிரி தெரியுதாம்," என்றார், ஒவ்வொரு சொல்லாக.

"மாதிரின்னா?"

"மாதிரின்னா மாதிரிதான்பா. அவசரப்படக் கூடாது."

சொல்லிவிட்டு முழங்காலை மடித்து எறிந்தார். குண்டு மரக்குண்டைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு அடியில் போய் மோதியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எந்தப் பக்கம்மா இருக்குது அது?"

"இப்போ தெரியாது பப்பா. இன்னும் உதிக்கல. கடலுக்குக் கீழ இருக்குது."

"பரவால்ல. கைய காட்டு."

மகள் கடல் பக்கம் கையை நீட்டினார். ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள் அத்தனை பேரும் குண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினார்கள்.